மவுண்ட் ப்ளசன்ட்: பேட்லி ஊரின் சரிவான ரக்பி மைதானம்

பேட்லி ஊர் ரக்பி மைதானத்தில் டாஸ் வென்ற கேப்டனுக்கு ஒரே கேள்விதான். முதல் பாதியில் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி ஆடுவதா, பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறுவதா? மற்ற ஊர்களில் காற்றையும் வெயிலையும் பார்த்து முடிவெடுப்பார்கள். இங்கே தரையைப் பார்க்க வேண்டும். ஆடுகளம் அந்த அளவுக்குச் சரிந்திருக்கிறது. கேமராக் கோணத்தால் தெரியும் மாயம் இல்லை இது. ஒரு முனையில் நின்று பார்த்தால் மறுமுனை கண்ணெதிரே கீழே இறங்கிக் கிடக்கும், அதோடு பக்கவாட்டிலும் ஒரு சாய்வு உண்டு.

இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில், லீட்ஸ் நகரத்துக்குத் தென்மேற்கே 11 கிலோமீட்டர் போல இருக்கிறது பேட்லி. பழைய கம்பளி மில் ஊர். ஊருக்கு மேலே குன்றின் மீது இருக்கும் மவுண்ட் ப்ளசன்ட் மைதானத்தில் 1880 முதல் ரக்பி நடக்கிறது. இன்று அங்கே ஆடும் அணியின் பெயர் பேட்லி புல்டாக்ஸ், இங்கிலாந்து ரக்பி லீகின் இரண்டாம் தட்டு அணிகளில் ஒன்று. மைதானத்தில் 7,500 பேர் வரை நிற்கலாம், உட்காரலாம். வழக்கமான ஆட்டத்துக்கு வருவதோ ஆயிரத்தைச் சுற்றி. இவ்வளவு சின்ன மைதானத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்டால், ரக்பி லீக் என்ற விளையாட்டு ஏன் பிறந்தது, எதை நம்பி வளர்ந்தது, எங்கே மாட்டிக்கொண்டது என்பதையெல்லாம் இந்த ஒரு மைதானத்தை வைத்தே சொல்லிவிடலாம் என்பேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். ரக்பியில் இரண்டு வகை உண்டு. உலகக் கோப்பை என்று நம் ஊர்த் தொலைக்காட்சியில் எப்போதாவது கண்ணில் படுவது பெரும்பாலும் ரக்பி யூனியன், ஓர் அணிக்கு 15 பேர். ரக்பி லீகில் 13 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டேக்கிள் வரை வாய்ப்பு. பந்தோடு ஓடுபவரை எதிரணி மடக்கிப் பிடித்தால் ஒரு டேக்கிள். பிடிபட்டவர் எழுந்து பந்தைக் காலுக்கடியில் பின்னால் உருட்டிவிட, ஆட்டம் தொடரும். அதற்குள் தடுப்பு அணி 10 மீட்டர் பின்வாங்கியிருக்க வேண்டும். சடுகுடு தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: தனி ஆள் எதிர்வரிசைக்குள் பாய்வது, நாலைந்து பேர் சேர்ந்து மடக்குவது, திரும்பவும் முதலிலிருந்து. ஆறாவது டேக்கிளிலும் கோட்டைத் தாண்டாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஆகவே ஐந்தாவது டேக்கிள் முடிந்ததுமே பந்தைத் தூர உதைத்துவிடுவது வழக்கம்.

ஆடுகளம் கோட்டுக்குக் கோடு அதிகபட்சம் 100 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். இரு முனைகளிலும் ஆங்கில ‘எச்’ எழுத்து வடிவில் கம்பங்கள், தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் குறுக்குக் கட்டை. கம்பங்களுக்குப் பின்னால் சில மீட்டர் ஆழத்துக்கு ஒரு பட்டை நிலம். பந்தை அந்தப் பட்டையில் கொண்டுபோய்த் தரையில் அழுத்தினால் அது ‘டிரை’, இன்றைய கணக்கில் 4 புள்ளி. இந்த அளவுகள் எல்லா ஊருக்கும் பொது. பேட்லியில் இவற்றை ஒரு சாய்வின் மீது விரித்துப் போட்டிருக்கிறார்கள்.

அந்தச் சாய்வு ஆட்டத்தை என்ன செய்கிறது? மேட்டிலிருந்து ஆடும் அணிக்கு உதை தூரம் போகும், ஓட்டத்தில் வேகம் கூடும், களைப்பு குறையும். எதிரணியைப் பள்ளத்து மூலையில் கட்டிப்போட்டுவிட்டால் அவர்கள் வெளியே வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். தங்கள் கோட்டுக்குப் பின்னால் பந்தோடு மாட்டிக்கொண்ட அணி, கம்பங்களுக்கு நடுவிலிருந்து பந்தைத் தரையில் போட்டு எழும்பும்போது உதைத்து ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். மேட்டை நோக்கி உதைத்தால் அது எவ்வளவு தூரம் போகும்? மைதானத்தின் பாதியைத் தாண்டுவதே பாடு. பந்து திரும்ப எதிரணியின் கைக்குப் போகும், மறுபடியும் ஆறு டேக்கிள், மறுபடியும் அதே மூலை.

பள்ளத்து மூலைக்கு உள்ளூரில் ஒரு பெயரே உண்டு: ‘நைன் ஹோல்’. யார்க்‌ஷயர் பேச்சில் அதை ‘நைன் ஆயில்’ என்பார்கள். குளிர்காலத்தில் ஆடிய காலத்தில் மழைத் தண்ணீரும் சேறும் எந்தப் பக்கம் இறங்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வெளியூர் அணி அந்த மூலையில் மாட்டிக்கொள்வதைப் பார்ப்பதில் பேட்லி ரசிகர்களுக்கு ஒரு தனி குஷி.

சாய்வு எப்போதும் சாதகம் என்றும் சொல்லிவிட முடியாது. மேட்டிலிருந்து ஆடும்போது தரையோடு உருட்டிவிடும் உதை கொஞ்சம் பலமானால், பந்து டிரைப் பட்டையையும் தாண்டி வெளியே ஓடிவிடும். அப்படி ஓடிவிட்டால் எதிரணிக்கு 20 மீட்டர் கோட்டிலிருந்து பந்து, இப்போதைய விதிப்படி ஆறுக்குப் பதில் ஏழு டேக்கிள். சமதரையில் பழகிய உதைப்பாளருக்கு இது பொறி மாதிரி. பேட்லிக்காரர்களுக்கோ எவ்வளவு பலத்தில் உதைத்தால் எங்கே நிற்கும் என்பது காலுக்கே தெரியும். பாதி நேரத்தில் பக்கம் மாறுவதால் கணக்கு சரியாகிவிடுகிறது என்று வாதிடலாம். காகிதத்தில் சரிதான். இந்தத் தரையில் வருடம் முழுக்கப் பயிற்சி எடுப்பவனும், வருடத்துக்கு ஒரு தடவை பஸ்ஸில் வந்து இறங்குபவனும் எப்படிச் சமமாவார்கள்?

சரி, ஊரில் வேறு இடமே கிடைக்கவில்லையா, குன்றின் சரிவில் கொண்டுபோய் மைதானம் போடுவானேன்? இதற்கு விடை பேட்லியின் தொழிலில் இருக்கிறது. பெனின் மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் உள்ள மில் ஊர்கள் எல்லாமே ஒரே அச்சு. பள்ளத்தாக்கின் அடியில் ஓடை, ஓடைக் கரையில் மில், அதையொட்டி ரயில் பாதை, கிடங்குகள். தண்ணீரும் சமதரையும் மில்லுக்கு வேண்டும், நிலக்கரியும் சரக்கும் வந்துபோகச் சமதரைதான் வசதி. ஆகவே பள்ளத்தாக்கின் தட்டையான நிலம் முழுவதையும் தொழில் எடுத்துக்கொண்டது. வீடுகள் சரிவில் வரிசையாக ஏறின. விளையாட்டுக்கு என்று ஒதுங்கியது அதற்கும் மேலே மிஞ்சிய மேய்ச்சல் நிலம். பேட்லியில் மட்டுமல்ல, அந்த வட்டாரத்தின் பல பழைய மைதானங்கள் குன்றுச்சரிவில் இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

பேட்லியின் தொழில் கொஞ்சம் விசேஷமானது. 1813-இல் பெஞ்சமின் லா என்பவர் இங்கே ஒரு வேலையைத் தொடங்கினார்: பழைய கம்பளிக் கந்தல்களை இயந்திரத்தில் போட்டுக் கிழித்து இழையாக்கி, அதில் கொஞ்சம் புதுக் கம்பளியைக் கலந்து, மறுபடி நூற்றுத் துணி நெய்வது. அந்தத் துணிக்கு ‘ஷாடி’ என்று பெயர். மலிவான துணி. ஏழைகளின் கோட்டுக்கும், போர்வைக்கும், முக்கியமாகப் படைவீரர்களின் சீருடைக்கும் ஆயிற்று. ஐரோப்பா முழுவதிலுமிருந்து கந்தல் மூட்டைகள் ரயிலில் வந்து இறங்கின. ரயில் நிலையத்தை ஒட்டிய தெருவில் கந்தல் வியாபாரிகள் கட்டிய கல் கிடங்குகள் இன்றும் நிற்கின்றன, சிற்ப வேலைப்பாடெல்லாம் வைத்து, அரண்மனை மாதிரி. உலகத்தில் எங்காவது சண்டை நடந்தால் பேட்லிக்கு நல்ல காலம். பேட்லியும் பக்கத்து ஊர் டியூஸ்பரியும் சேர்ந்த இந்தப் பகுதிக்கு ‘கனத்த கம்பளி வட்டாரம்’ என்ற பெயர் இன்றுவரை நிற்கிறது. இரண்டு ஊர் அணிகளும் மோதினால் அதற்கும் அந்தப் பெயர்தான்.

மில் ஊர்களில் விளையாட்டு வேர்விட்டதற்கு ஒரு சட்டமும் காரணம். 1850-இன் தொழிற்சாலைச் சட்டம், ஜவுளி மில்களில் பெண்களும் இளம் தொழிலாளர்களும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் மில் ஓடாது, ஆகவே ஆண்களுக்கும் அரை நாள் விடுமுறை கிடைத்தது. சனிக்கிழமை மதியம், கையில் வாரக்கூலி, நடந்து போகும் தூரத்தில் ஒரு திடல். கேட் வைத்து டிக்கெட் விற்க இதைவிட என்ன வேண்டும்? 1880-இல் பேட்லி கிரிக்கெட், தடகள, கால்பந்து கிளப் மவுண்ட் ப்ளசன்ட்டில் குடியேறியது. பெயரில் ‘கால்பந்து’ என்று இருந்தாலும் அவர்கள் ஆடியது ரக்பி. கிரிக்கெட் கோடைக்கு, ரக்பி குளிர்காலத்துக்கு. கிரிக்கெட் கிளப்பும் அதே குன்றில் ரக்பித் திடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

டிக்கெட் விற்கத் தொடங்கியதும் சிக்கல் வந்தது. பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம், கிளப்புக்கு நல்ல வருமானம், ஆடுபவனுக்கு மட்டும் காசு கிடையாது. ரக்பியை நடத்திய லண்டன் சங்கத்தில் இருந்தவர்கள் வசதியான வீட்டுப் பிள்ளைகள், தனியார் பள்ளிகளில் படித்தவர்கள். விளையாட்டுக்குக் காசு வாங்குவது இழிவு என்பது அவர்கள் கொள்கை. சனிக்கிழமை காலை மில்லிலும் சுரங்கத்திலும் வேலை இருக்கும். வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் கூலி போச்சு. யார்க்‌ஷயர் கிளப்கள் கேட்டது சம்பளம் அல்ல, இழந்த கூலிக்கு ஈடு. 1893 செப்டம்பரில் லண்டனில் நடந்த பொதுக்குழுவில் அந்தத் தீர்மானம் 136-க்கு 282 என்ற கணக்கில் தோற்றது.

இரண்டு வருடம் கழித்து, 1895 ஆகஸ்ட் 29 அன்று, ஹடர்ஸ்ஃபீல்டு ஊரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கு இங்கிலாந்துக் கிளப்கள் கூடி, தனியாகப் பிரிந்து போவதென்று முடிவெடுத்தன. பிறந்தது ‘நார்தர்ன் யூனியன்’. 1922-இல்தான் அது ரக்பி லீக் என்ற பெயருக்கு மாறியது. முதல் சீசனை ஆடிய 22 கிளப்களில் பேட்லி ஒன்று. நாளொன்றுக்கு 6 ஷில்லிங் வரை கூலி ஈடு கொடுக்கலாம் என்று விதி வைத்தார்கள். அந்த 6 ஷில்லிங்குக்காக ஒரு விளையாட்டு இரண்டாகப் பிளந்தது. இங்கே ஒரு சுவையான செய்தி: அடுத்த ஊரான டியூஸ்பரி கடைசி நேரத்தில் பின்வாங்கிக்கொண்டது. பிறகு மனம் மாறி 1898-இல் வந்து சேர்ந்தது. இரண்டு ஊர்களுக்கும் இடையே நடந்தே போய்விடலாம், பகை மட்டும் இன்னும் தீரவில்லை.

புது அமைப்புக்குக் கூட்டம் தேவை, ஆகவே 1896-97 சீசனில் சேலஞ்ச் கப் என்ற நாக்-அவுட் போட்டியைத் தொடங்கினார்கள். பிராட்ஃபோர்டு நகரத்து நகைக்கடையான ஃபட்டோரினி செய்துகொடுத்த வெள்ளிக் கோப்பை, விலை 60 பவுண்டு. முதல் இறுதிப் போட்டி 1897 ஏப்ரல் 24 அன்று லீட்ஸின் ஹெடிங்லியில். பேட்லி 10, செயின்ட் ஹெலன்ஸ் 3. இன்று செயின்ட் ஹெலன்ஸ் எங்கே, பேட்லி எங்கே! ஆனால் உலகத்தின் மிகப் பழைய ரக்பி லீக் கோப்பையை முதலில் தூக்கியவர்கள் பேட்லிக்காரர்கள்தான் என்பதை யாரும் மாற்ற முடியாது. மறுவருடமும் வென்றார்கள், பிராட்ஃபோர்டை 7-0 என்று. 1901-இல் வாரிங்டனை 6-0 என்று வீழ்த்தி மூன்றாவது முறை. அந்தக் காலத்துப் பேட்லி அணியை ‘காலண்ட் யூத்ஸ்’, அதாவது வீர இளைஞர்கள் என்று அழைப்பார்கள்.

அந்த ஆண்டுகளில்தான் விளையாட்டும் உருமாறியது. காசு கொடுத்துப் பார்ப்பவனுக்குப் பந்து கண்ணில் பட வேண்டுமல்லவா? 1897-இல் லைன்-அவுட், அதாவது பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தை இரு வரிசையாக நின்று எகிறிப் பிடிக்கும் முறை, எடுக்கப்பட்டது. கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அடிக்கும் எல்லா கோல்களுக்கும் 2 புள்ளி என்றானது. 1906-இல் ஆட்டக்காரர்கள் 15-லிருந்து 13 ஆனார்கள், பிடிபட்டவர் எழுந்து பந்தை உருட்டிவிடும் முறையும் வந்தது. குவியலாக விழுந்து சேற்றில் உருள்வது குறைந்தது, ஓட்டம் கூடியது. சரிவுத் தரைக்கு இது எப்படிப் பொருந்தியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். பழைய முறையில் கனமான முன்வரிசை ஆட்கள் மேட்டிலிருந்து தள்ளிக்கொண்டே போனால் போதும். புது முறையில் ஓட்டமும் உதையும் சேர்ந்து சரிவைப் பயன்படுத்த வேண்டியிருந்தது.

பேட்லியின் உச்சம் 1924. சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் விகனை 13-7 என்று வென்று, முதலும் கடைசியுமாக நாட்டின் சாம்பியன் ஆனார்கள். மறுவருடம் 1925 மார்ச் 14 அன்று லீட்ஸ் அணியோடு கோப்பை ஆட்டம், மவுண்ட் ப்ளசன்ட்டில். அன்று வந்தவர்கள் 23,989 பேர். மைதானத்தின் சாதனை இன்றுவரை அதுதான். அன்றைக்கு ஊரின் மொத்த மக்கள்தொகையே 40,000-க்கும் குறைவு. லீட்ஸிலிருந்து வந்த கூட்டத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஊரில் நடமாட முடிந்த ஆண்களில் எத்தனை பேர் அந்தக் குன்றில் ஏறியிருப்பார்கள்!

அந்தக் கூட்டம் நின்றது மண் மேட்டிலும், மில் உலையின் சாம்பல் கொட்டி உயர்த்திய கரைகளிலும், மரப் படிகளிலும். வடக்கு இங்கிலாந்தின் சின்ன மைதானங்கள் பெரும்பாலும் இப்படித்தான் வளர்ந்தன. கட்டடக் கலைஞர் வரைபடம் போட்டு எழுப்பியது குறைவு, கையில் காசு வந்தபோதெல்லாம் ஒரு பக்கம் கூரை, இன்னொரு பக்கம் நாலு படி என்று சேர்ந்தது அதிகம். ரக்பி லீக் மைதானங்களில் நின்று பார்க்கும் வழக்கம் இன்றும் சட்டப்படி இருக்கிறது, கால்பந்தின் மேல்தட்டு மைதானங்களுக்கு வந்த, எல்லாரும் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்ற விதி இவர்களைத் தொடவில்லை. உள்ளூர் ரசிகர், வெளியூர் ரசிகர் என்று வேலி போட்டுப் பிரிப்பதும் இங்கே வழக்கமில்லை. பாதி நேரத்தில், தங்கள் அணி எந்த முனையை நோக்கி ஆடப்போகிறதோ அந்த முனைக்குக் கூட்டம் நடந்து இடம் மாறும். பேட்லியில் அப்படி நடப்பதென்றால் ஏற்றமோ இறக்கமோ கட்டாயம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கதை இறங்குமுகம். செயற்கை இழை வந்தது, கந்தல் துணிக்கு மதிப்பு போனது, மில்கள் ஒன்றொன்றாக மூடின. கடைசிக் காலத்தில் மில்களின் இரவு ஷிஃப்டுக்கு ஆள் தேடியபோது வந்தவர்கள் குஜராத்திலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் குடிபெயர்ந்த குடும்பங்கள். மைதானத்தைச் சுற்றியுள்ள மவுண்ட் ப்ளசன்ட் குடியிருப்பில் இன்று குஜராத்தி முஸ்லிம்கள் நிறையப் பேர். இடையில் 1967-இல் ஊருக்கு வேறு வகையில் புகழ் வந்தது: பழைய கழிவுநீர்ப் பண்ணை இருந்த இடத்தில் எழும்பிய பேட்லி வெரைட்டி கிளப். லூயி ஆம்ஸ்ட்ராங், ஷெர்லி பாஸி, ராய் ஆர்பிசன் எல்லாம் இந்தக் கந்தல் ஊருக்கு வந்து பாடிவிட்டுப் போனார்கள். அதுவும் பத்துப் பதினோரு வருடத்தில் மூடியது. ரக்பி அணி தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தது, பெரும்பாலும் தோற்றுக்கொண்டு.

1985 மே 11 அன்று பக்கத்து நகரமான பிராட்ஃபோர்டில் நடந்த ஒரு விபத்து, இப்படிப்பட்ட மைதானங்கள் எல்லாவற்றின் தலையெழுத்தையும் மாற்றியது. வேலி பரேட் கால்பந்து மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மரக் கேலரியில் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். வேலி பரேடுக்கு இந்தக் கதையோடு நெருங்கிய உறவு உண்டு. 1886-இல் அதைப் போட்டது மானிங்ஹாம் என்ற ரக்பி கிளப், 1895-இல் பிரிந்துவந்த 22 பேரில் ஒன்று, நார்தர்ன் யூனியனின் முதல் சாம்பியன். 1903-இல் காசு நெருக்கடியில் ரக்பியை விட்டுவிட்டுக் கால்பந்துக்கு மாறி பிராட்ஃபோர்டு சிட்டி ஆனது. அந்த மைதானமும் குன்றுச்சரிவில்தான். கேலரியின் மரத் தளத்துக்கும் சரிவான தரைக்கும் நடுவே இடைவெளி இருந்தது, பல வருடக் குப்பை அதில் சேர்ந்துகிடந்தது. யாரோ போட்ட தீக்குச்சியோ சிகரெட்டோ அதில் விழுந்ததும் சில நிமிடங்களில் கேலரி முழுக்க எரிந்துபோனது.

அதற்குப் பிறகு பாதுகாப்புச் சட்டம் சின்ன மைதானங்களுக்கும் நீண்டது. மரக் கேலரிகளைப் பூட்டினார்கள், அனுமதிக்கப்பட்ட கூட்டம் ஒரே நாளில் பல மடங்கு குறைந்தது. சீர்செய்யக் காசு இல்லாத கிளப்கள் திணறின. பழைய மைதானம் நகர நடுவில் இருந்தால் ஒரு வழி உண்டு: சூப்பர் மார்க்கெட்டுக்கு விற்றுவிடுவது. ஹாலிஃபாக்ஸின் த்ரம் ஹால் அஸ்டா ஆனது. விகனின் சென்ட்ரல் பார்க் டெஸ்கோ ஆனது. ஓல்டாம், ஹடர்ஸ்ஃபீல்டு, ஸ்விண்டன் கிளப்களும் தங்கள் பழைய திடல்களை விட்டுப் போயின. டியூஸ்பரியின் கிரவுன் ஃபிளாட்டில் 1988-இல் கேலரி எரிந்தது, பிறகு இடம் விற்கப்பட்டது. 1994-இல் புது மைதானம் தயாராகும்வரை அவர்கள் சில காலம் வீட்டு ஆட்டங்களை ஆடியது, வேறு எங்கே, பேட்லியின் சரிவில்தான்!

1895-இல் பிரிந்துவந்த 22 கிளப்களில், அன்று ஆடிய அதே திடலில் இன்றும் ஆடுபவை பேட்லி, லீட்ஸ், வேக்ஃபீல்டு போல விரல்விட்டு எண்ணக்கூடிய சிலதான். லீட்ஸின் ஹெடிங்லியில் கிரிக்கெட் டெஸ்ட் ஆட்டங்கள் நடக்கின்றன, பெரிய நகரம், அங்கே காசு புரளும். பேட்லி நிலைத்ததற்கு அப்படி எந்தக் காரணமும் இல்லை. குன்றின் உச்சியில், குறுகலான வீட்டுத் தெருக்களுக்கு நடுவே உள்ள சாய்ந்த நிலத்தில் சூப்பர் மார்க்கெட் கட்ட யார் வருவார்கள்? லாரி ஏறாது, கார் நிறுத்த இடமில்லை. திடலைச் சமப்படுத்தப் பணம் இல்லாததால் சரிவு பிழைத்தது, சரிவும் குன்றும் இருந்ததால் திடல் பிழைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. மைதானத்தின் பெயர்ப் பலகையில் உள்ளூர்க் கம்பெனியான ஃபாக்ஸஸ் பிஸ்கட்டும் ஏறியது. 1853-இல் பேட்லியில் தொடங்கிய கம்பெனி அது, மில்களைவிட நீண்ட ஆயுள்.

ஆனால் பிழைத்திருப்பதற்கும் முன்னேறுவதற்கும் தூரம் அதிகம். 1994-95 சீசனில் பேட்லி இரண்டாம் பிரிவில் கீத்லிக்கு அடுத்த இடத்தில் முடித்தது. பழைய ஏற்பாட்டில் அது மேல்பிரிவுக்கு ஏறும் இடம். அந்த ஏப்ரலில்தான் ஊடக முதலாளி ரூபர்ட் மர்டாக்கின் கம்பெனி 8.7 கோடி பவுண்டு ஒப்பந்தத்தோடு வந்தது: சூப்பர் லீக் என்ற புது மேல்பிரிவு, குளிர்காலத்துக்குப் பதில் கோடையில் ஆட்டம், பாரிஸிலும் லண்டனிலும் அணிகள். சின்ன ஊர்க் கிளப்களை ஒன்றாக இணைத்துவிடலாம் என்றும் பேச்சு இருந்தது. காசில்ஃபோர்டு, வேக்ஃபீல்டு, ஃபெதர்ஸ்டன் மூன்றையும் சேர்த்து ‘கால்டர்’ என்று ஒரே அணியாம்! ரசிகர்கள் தெருவில் இறங்கியதும் அந்த யோசனை கைவிடப்பட்டது. ஆனால் கீத்லியும் பேட்லியும் ஏறவிருந்த படி எடுக்கப்பட்டது எடுக்கப்பட்டதுதான்.

அதற்குப் பிறகு மைதானத்தின் தரமே கதவாக மாறியது. 1999-இல் ஹன்ஸ்லெட்டும் 2000-இல் டியூஸ்பரியும் இரண்டாம் தட்டின் இறுதிப் போட்டியை வென்றும் சூப்பர் லீகில் சேர்க்கப்படவில்லை. ஆடுகளத்தில் வென்றால் போதாது, கேலரியும் கணக்குப் புத்தகமும் தேற வேண்டும். பேட்லிக்குக் கிடைத்த மகிழ்ச்சிகள் இந்த வேலிக்கு வெளியே கிடைத்தவை. 2010-இல் நார்தர்ன் ரயில் கப் இறுதியில் விட்னஸை 25-24 என்று ஒரே புள்ளியில் வென்றார்கள். 2022-இல் யாரும் எதிர்பாராமல் ஃபெதர்ஸ்டனை அவர்கள் ஊரிலேயே வென்று, சூப்பர் லீகுக்கு ஏறும் இறுதிப் போட்டி வரை போனார்கள். அங்கே லீ அணியிடம் 44-12 என்று தோல்வி. 2023 ஆகஸ்டில் ‘1895 கப்’ என்ற போட்டியின் இறுதிக்காக முதன்முதலாக லண்டனின் வெம்ப்லி மைதானத்துக்குச் சென்றார்கள். சேலஞ்ச் கப் இறுதிகள் வெம்ப்லிக்குப் போனது 1929-இல், பேட்லி வென்ற மூன்றும் அதற்கு முந்தியவை. அதனால் முதல் கோப்பையை வென்றவர்கள் வெம்ப்லியைப் பார்க்க 126 வருடம் ஆனது. அங்கும் ஹாலிஃபாக்ஸிடம் 12-10 என்று தோற்றார்கள்.

2025 சீசன் முதல் சூப்பர் லீகில் யார் ஆடுவது என்பதை ஆட்டத்தின் வெற்றி தோல்வி மட்டும் தீர்மானிப்பதில்லை. ஐஎம்ஜி என்ற கம்பெனியோடு சேர்ந்து வகுத்த மதிப்பெண் முறை தீர்மானிக்கிறது, மொத்தம் 20 புள்ளி. ரசிகர் பலத்துக்கு 5, ஆட்டத்துக்கு 5, நிதிநிலைக்கு 4.5, மைதானத்துக்கு 3, சுற்றுவட்டாரச் சமூகத்துக்கு 2.5. பேட்லியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சரிவைத்தான் முதலில் இழுப்பார்கள், அதுதான் அவர்களைக் கீழே பிடித்து வைத்திருக்கிறது என்பதுபோல. இந்தக் கணக்கைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நாளைக்கே திடலைச் சமப்படுத்தி, நாலு பக்கமும் புதுக் கேலரி எழுப்பினாலும் அதிகபட்சம் அந்த மூன்றில்தான் ஏற்றம் கிடைக்கும். ஆயிரம் பேர் டிக்கெட் வாங்கும் கிளப்புக்கு உண்மையான அடி ரசிகர் பலத்திலும் நிதியிலும் விழுகிறது, 11 கிலோமீட்டர் தள்ளி லீட்ஸ் இருக்கும்வரை அந்த ஆயிரம் பெருகுவதும் சுலபமில்லை.